காகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

சனீஸ்வரனுக்குச் சட்டையை மட்டும்தான் கொடுக்க நினைத்தேன். பெண்டாட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை, ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டுத் திருநள்ளாறு போனேன். நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டு வந்தால் பிடித்தது விடும் என்பது ஊரறிந்த ஏற்பாடு. வெளியூர்க்காரர்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து செய்வார்கள். தருமபுரத்தில் குடியிருக்கும் நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கை நீட்ட யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும் அல்லவா?

துணியைக் குளத்துக்குள் விடாதீர்கள், கரையில் இருக்கும் தொட்டியில் போடுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. பொறுப்புள்ள குடிமகனாகச் சட்டையை உருட்டித் தொட்டியில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்றார்கள். பார்த்திருந்தால், சட்டைப் பையிலிருந்து வால் மாதிரி தொங்கிய நீலப்பட்டை கண்ணில் பட்டிருக்கும்.

மாற்றுச் சட்டை எடுத்துப் போக மறந்திருந்தேன். சன்னதித் தெருக் கடையில் ஒரு கருநீலச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது என்னைவிட இளைத்த யாருக்காகவோ தைத்தது.

சென்ற வாரம் வரை இந்தத் தொடரில் கூட வந்தவர்களுக்கு அந்த நீலப்பட்டை எது என்று தெரியும். இந்த வாரம்தான் ஏறியிருக்கிறவர்களுக்காக, என் மானம் போனாலும் பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருவேட்டக்குடி போகும் வழியில் இருக்கும் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் நான் நிர்வாக அதிகாரி. குழாய் ஒழுகினாலும் சோமசேகரன், கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலும் சோமசேகரன். என் மனைவி பிரதீபா அங்கேயே பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். அவள் ஆறு மணி வேனில் போவாள். நான் ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் போவேன்.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் எம்.டி. நீலகண்டனுக்கு ஊழியர்களின் மனத்தின் மேல் அக்கறை வந்தது. சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து எல்லோர் கழுத்திலும் ஆளுக்கோர் அட்டையை மாட்டிவிட்டது. உள்ளே ஒரு சில்லு. நாம் என்ன பேசுகிறோம் என்று அது கேட்காதாம். யாருக்குப் பக்கத்தில் நிற்கிறோம், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, நடை வேகமா மெதுவா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுமாம். பிறகு அத்தனை பேருடையதையும் கொட்டிக் கலக்கி, யாருக்கு உற்சாகம், யாருக்கு அலுப்பு, யார் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று வாராவாரம் ஒரு திரையில் காட்டும். வருகைக்கு விரல்ரேகை, மனசுக்கு அட்டை.

திரையில் பெயர் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை. அட்டையிலும் பெயர் இல்லை, படம் இல்லை. எல்லாம் ரகசியம். திரையைத் திறக்கும் உரிமை இரண்டே பேருக்கு. ஒருவர் மனிதவளத்தில் இருக்கும் ரிஃபானா. இன்னொருவர் நான். எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த அறையின் ஏ.சி.யைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான்.

ஆனால் பறவைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பெண், பரிசோதனைக் கூடம், நாற்பதை நெருங்கும் வயது, தருமபுரம்' என்று போட்டுவிட்டு ரகசியம் என்றால் எப்படி? கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம், புருஷன் போதும். பிரதீபாதான் மீன்கொத்தி. அதே மாதிரி, நிர்வாகத்தில் தருமபுரத்து ஆண் ஒருவன்தான் உண்டு. அவனுக்குக் காகத்தைக் கொடுத்திருந்தார்கள். சனீஸ்வரனின் வாகனம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மீன்கொத்தியிலிருந்து ஒரு தடித்த கோடு மரங்கொத்திக்குப் போனது. மரங்கொத்தி, குளிர்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆனந்தராஜ். இரண்டும் தினமும் அருகருகே நிற்கின்றன. மீன்கொத்தியின் குரல் ஏறுகிறது, சிரிக்கிறது. அதற்கென்று ஒரு மஞ்சள் முகம் வேறு போட்டிருந்தார்கள். என்னிடம் பிரதீபா அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்கக் கூடாது.

போதாததற்கு, ஆறு மணி வேனில் போகிறவள் ஒன்பது மணிக்குத்தான் உள்ளே நுழைகிறாள் என்றது திரை. நடுவில் எங்கே போகிறாள்?

ஆனந்தராஜ் நல்ல உயரம். திருவேட்டக்குடியில் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. தோளைப் பார்த்தாலே தெரியும். பிரதீபாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் அக்கா என்றால் முறைக்கு நான் மாமா ஆக வேண்டும். என்னை ஏன் சார் என்கிறான்?

எனவே வேவு பார்க்க இறங்கினேன். தினமும் குளிர்கிடங்கு வாசலில் அவனோடு நின்று டீ குடித்தேன். அவன் வாயைக் கிளறுவதற்காக ஜோக் சொல்லி, அவன் சிரிக்காவிட்டாலும் நானே சிரித்தேன். வேவு பார்க்கப் பார்க்கத் திரையில் அந்தக் கோடு இன்னும் தடித்தது.

காகத்தின் கதை வேறு. மதியம் தனியாகச் சாப்பிடுகிறது. நடை தளர்ந்துகொண்டே வருகிறது. குரல் அநேகமாக இல்லை. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி: வேலையை விட்டுப் போக வாய்ப்பு அதிகம். படித்துவிட்டு வீட்டில் நான் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. "கேட்டியா பிரதீபா, நான் ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசாத அழுமூஞ்சியாம்! வேலைய விட்டுட்டு ஓடப்போறேனாம்! என்னை வேற எவன் வேலைக்கு வைப்பான்?"

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்புடியா சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தச் சனிக்கிழமை அவள் லீவு. பாரதிப்ரியாவைப் பார்க்கப் போகிறேன் என்று முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டாள். பாரதிப்ரியா முன்பு இங்கே பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். அதோடு ஆனந்தராஜின் தங்கை. அண்ணனிடம் சிரிப்பு, தங்கை வீட்டுக்கு விருந்து. இதற்குமேல் ஒருவன் சனீஸ்வரனிடம் போகாமல் எங்கே போவான்?

அப்படித்தான் எண்ணெய், குளம், தொட்டி, கருநீலச் சட்டை.

*

"கார்டு இல்லாம உள்ள விடக்கூடாது சார். நீங்கதான் ரூல் போட்டீங்க," என்றார் வாட்ச்மேன். உண்மைதான். நோட்டீஸில் கையெழுத்தும் என்னுடையது. அவர் பார்வை என் வயிற்றருகே பட்டனோடு போராடிக்கொண்டிருந்த சட்டையில் நின்றது. "புதுசா சார்?"

கழுத்தைத் தடவினேன். பையைத் தடவினேன். பழைய சட்டையின் பை நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் இளவேனில் எடுத்தாள். கல்லூரியில் முதல் வருஷம். சனிக்கிழமை என்றால் பதினோரு மணிக்குமேல்தான் அவளுக்கு விடியும்.

"கதவுகிட்ட ஆணியில ஒரு கார்டு தொங்குது பாரு. அம்மாவுது. அதை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டியில வா. இன்னிக்கு ஒரு நாளைக்குச் சமாளிச்சிடுறேன்."

"அம்மாவுத நீங்க போட்டா அது பொய்யில்ல?"

"கொண்டு வாம்மா."

வந்தாள். கேட்டருகே வண்டியை நிறுத்தி, அட்டையை என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் திரும்ப இழுத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது அம்மாவுது இல்ல."

"பின்ன யாருது?"

"கார்டு குடுத்த அன்னிக்கே மாறிடக்கூடாதுன்னு அம்மாவுது பின்னால நெயில் பாலிஷ் வச்சேன். மெரூன் கலர்ல ஒரு புள்ளி. இதுல இல்லியே. இது உங்களுது."

"நல்லா பாரு. அழிஞ்சிருக்கும்."

"என் நெயில் பாலிஷ் அழியாது. அம்மாவே திட்டும், ரிமூவர் போட்டாகூட போகமாட்டேங்குதுன்னு."

வெயில் சுள்ளென்று அடித்தது. பட்டனொன்று விட்டுப்போனது.

"நீங்க போட்டிருந்தது எங்க?" என்றாள்.

"சனீஸ்வரன்கிட்ட."

"அப்ப அம்மாவ அங்க விட்டுட்டு வந்துட்டீங்க," என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "எப்பலேருந்துப்பா மாத்திப் போட்டிருக்கீங்க?"

எனக்கும் அதுதான் கேள்வி. பழைய பட்டை நைந்துவிட்டது என்று எல்லோருக்கும் நீலப்பட்டை கொடுத்தார்களே, அன்றைக்கு இரண்டு அட்டையையும் ஒரே ஆணியில் மாட்டியவன் நான். விடியற்காலையில் விளக்குப் போடாமல் கிளம்புகிறவள் அவள். மீதியை மாட்டிக்கொள்கிறவன் நான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு எதிலுமே இல்லை.

அது சித்திரையில் நடந்தது. இப்போது ஆடி.

*

உள்ளே போனதும் திரையைத் திறந்தேன்.

மீன்கொத்தி ஒன்பது மணிக்கு வருகிறது. ஆமாம், ஸ்கூட்டரில். மீன்கொத்தி தினமும் ஆனந்தராஜோடு நிற்கிறது. ஆமாம், முதலில் கிடங்கு மெஷினைப் பார்க்க, அப்புறம் டீயோடு. மீன்கொத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆமாம், தன் ஜோக்குக்குத் தானே. மூன்று மாதமாக நான் வயிறெரிந்து பொறாமைப்பட்ட ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். இந்த உலகத்தில் தன்மேலேயே பொறாமைப்பட்டு எண்ணெய் முழுக்குப் போட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

சத்தமாகச் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ரிஃபானா தலைநிமிர்ந்தாள்.

அப்புறம் காகத்தைப் பார்த்தேன்.

மதியம் தனியாகச் சாப்பிடுகிறது. நடை தளர்கிறது. வேலை முடிந்த பிறகும் உடனே கிளம்பாமல் வேன் நிற்கும் இடத்தில் ஒதுங்கி நிற்கிறது. குரல் அநேகமாக இல்லை. சிவப்புப் புள்ளி.

நான் இதைத்தான் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம்.

"என்னா சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் ரிஃபானா.

"ரிஃபானா, இந்த மெஷின் தப்பு பண்ணுமா?"

"எண்ணுறது தப்பு பண்ணாது சார். யாரை எண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது." பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க எந்தப் பறவை யாருன்னு தேடிக்கிட்டு இல்லியே? மொத்தமாத்தான் பாக்கணும்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கோம்."

"சேச்சே," என்றேன்.

*

எம்.டி. நீலகண்டன் சனிக்கிழமைகளில் பறவைகளைப் பார்க்க வருவார். வேடந்தாங்கலுக்குப் போகும் உற்சாகம் முகத்தில் இருக்கும்.

"சோமு, இது என்ன சட்டை?"

"நேர்த்திக்கடன் சார்."

அவர் பேச்சை எப்போதும் ஐயனாரிடம் ஆரம்பிப்பார். ஐயனார் கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஒரு வாரம் அவர் பறவை தள்ளாடியது. ரிஃபானா கிடங்கு ஆட்கள் எல்லோரிடமும் போய்க் கேட்டாள். அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து ராத்திரியில் படகுக்குப் போய்விட்டு, கண்ணசராமல் நேராக வேலைக்கு வருகிறார் என்று தெரிந்தது. விடுப்பும் கொடுத்து, வேலை நேரத்தையும் மாற்றிக்கொடுத்தார்கள். இல்லையென்றால் என்றைக்காவது யார் மேலாவது வண்டியை ஏற்றியிருப்பார். அந்தத் திரையை நான் திட்டுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாத்தீங்கல்ல? திரை காப்பாத்துச்சு," என்றார் எம்.டி.

"திரை பாத்துட்டு நாங்க போய் கேட்டோம் சார். அவரு சொன்னாரு. அதனாலதான்," என்றாள் ரிஃபானா.

"சரி சரி. இப்ப ரெண்டு முடிவு. காகம் விடாம சிவப்புலயே நிக்குது. போகப்போற ஆளுக்கு எதுக்குப் பதவி உயர்வு? இந்த வருஷ லிஸ்ட்லேருந்து எடுத்துடுவோம். மீன்கொத்தி அருமை! எல்லாரோடயும் பழக்கம், சிரிச்ச முகம். பரிசோதனைக் கூடத்துக்கு இன்சார்ஜ் தேடிக்கிட்டிருக்கோமே, அதுக்குப் பொருத்தமான பறவை. யாருன்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னு ரூல்." என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "தெரியாமலே வாழ்த்து சொல்லிக்கிறேன் சோமு."

"சார், ஆளை வச்சு முடிவு பண்ண இது இல்ல," என்று ரிஃபானா எழுந்துவிட்டாள். "ஒப்பந்தத்துலயே இருக்கு."

"திங்கக்கிழமை ஆர்டர் போடுறேன்," என்றார் அவர்.

சொல்லியிருக்க வேண்டும். சார், அட்டை மாறிப்போச்சு என்று மூன்று வார்த்தை. எப்போதும் திறந்தே இருக்கும் என் வாய் அப்போது பார்த்து மூடிக்கொண்டது.

காகம் பிரதீபா என்றால், போகப்போகிறவள் பிரதீபா. இன்சார்ஜ் ஆனால் ஒருவேளை இருந்துவிடுவாள். பதினைந்து வருஷமாக அவளுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்த பதவி, புருஷன் டீ குடித்த புண்ணியத்தில் வருகிறது. காரணம் தப்பு, ஆள் சரி. இதில் நான் எதற்குக் குறுக்கே விழ வேண்டும்?

இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு குளிர்கிடங்குப் பக்கம் போனேன். பழக்கதோஷம்.

*

"வாங்க சார். சட்டை தூக்கலா இருக்கு," என்றான் ஆனந்தராஜ்.

"பிரதீபா உன்கிட்ட என்ன பேசுவா?"

"அக்காவா? அக்கா என்கிட்ட பேசி எவ்ளோ நாளாவுது! நீங்கதான் தெனம் வர்றீங்க. எங்கூட வேலை செய்யுற பயலுவ கேக்குறானுவ, அந்த சாருக்கு உன்கிட்ட என்னாடா வேலைன்னு." டீயை நீட்டினான். "பாரதிதான் போன்ல சொல்லும், அக்கா இன்னிக்கு இது பேசுச்சு, அது பேசுச்சுன்னு. இன்னிக்குப் போயிருக்குல்ல? நல்லபடியா முடிஞ்சுதாமா?"

"என்ன முடிஞ்சுதா?"

அவன் டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தான். படகுக்காரர்கள் வானத்தைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்."

"என்ன தெரியும்னு நெனச்ச?"

"டீ ஆறுது சார்."

"ஆனந்தராஜு!"

"அக்கா வாயால கேட்டுக்குங்க மாமா," என்றான்.

இத்தனை நாள் எதிர்பார்த்த மாமா. அது இப்படிப்பட்ட நேரத்திலா வரவேண்டும்?

அவன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். முதலில் பாரதிப்ரியாமேல். பாண்டிச்சேரியில் இருக்கிறவளிடம் தினமும் பேச இவளுக்கு விஷயம் இருக்கிறது; எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் ரசம் போதுமா என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அட்டைமேல். கட்டைவிரல் அகலம் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவள் பேசாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறது. இருபது வருஷமாகப் பக்கத்தில் இருக்கிற எனக்கு அது கேட்கவில்லை.

*

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். பாண்டிச்சேரி பஸ் வந்தது. பிரதீபா இறங்கினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். தோழியைப் பார்க்கக் கட்டும் சேலை இல்லை அது. என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"என்னங்க, போன்கூட பண்ணாம? இளவேனிலுக்கு ஒண்ணுமில்லியே?"

"சும்மாதான் வந்தேன்."

"இது என்னா சட்டை?"

"எல்லாரும் கேட்டாச்சு. வண்டியில ஏறு."

தருமபுரத்துக்குத் திரும்பும் முன்னால் ரயில்வே கேட். எங்கள் மூக்குக்கு நேரே இறக்கினார்கள். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் வருகிறது என்றால் சீக்கிரத்தில் முடிகிற காரியமில்லை. இன்ஜினை அணைத்தேன். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் தெரியாதது ஒரு வகையில் வசதியாக இருந்தது.

"உனக்கு நல்ல சேதி," என்றேன். "இன்சார்ஜ் ஆக்கப்போறாங்க. திங்கக்கிழமை ஆர்டர்."

அவள் பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எதுக்காம்?"

"எல்லார்கிட்டயும் நல்லா பழகுறியாம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறியாம். மெஷின் சொல்லுது."

"யாரு? நானா?"

அந்த 'நானா'வில் இருந்ததை எந்தச் சில்லு குறித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் அதற்குமேல் இழுக்க முடியவில்லை.

"கார்டு மாறிப்போச்சு பிரதீபா. நீலப்பட்டை குடுத்த நாள்லேருந்து. உன்னுத நான் போட்டிருந்தேன். சிரிச்சதெல்லாம் நான்."

"தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும். புள்ளி இல்லியே. நெயில் பாலிஷ் வச்சப்ப நானும்தானே பக்கத்துல நின்னேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திடுவீங்க." சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "என் மனசு என் பேருல ஏறவேணாம்னு இருந்துச்சு. உங்க பேருல ஏறினா என்னா? நீங்க எதையும் சிரிச்சுச் சமாளிச்சிடுவீங்க."

"சிவப்புப் புள்ளி வந்துச்சே!"

"அது எனக்கு எப்புடித் தெரியும்? நீங்க வந்து சொல்லிச் சிரிச்சப்பதான் தெரியும். தனியா சாப்புடுது, பேசமாட்டேங்குது, போகப்போகுதுன்னு வாசிச்சீங்க. பீன்ஸ நறுக்கிக்கிட்டே நெனச்சேன், அட, நான் போகப்போறேனா? அதுவரைக்கும் நான் எனக்கே சொல்லிக்கலீங்க. மறுநாள்தான் பாரதிக்குப் போன் பண்ணேன்."

இதை எம்.டி.யிடம் சொன்னால் என்ன செய்வார்? திரை சொன்னது சரியா, சொன்னதால் சரியானதா? ரிஃபானாவைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அப்போது எனக்கு உறைத்தது வேறு. சொல்லித் தந்தது அந்தத் திரையாக இருக்கலாம். வாசித்துக் காட்டியது நான். குரல் மாற்றி, கையை ஆட்டி, பாவனையோடு.

ரயில் வந்துவிட்டது. கரி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். தரை அதிர்ந்தது. யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை என்பது நிம்மதியாக இருந்தது. கடைசி வண்டியும் போனபோது அந்த நிம்மதியும் போயிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "பாரதிக்குத் தெரியுது. ஆனந்தராஜுக்குத் தெரியுது. அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தெரியுது. நான் மட்டும் கடைசி ஆளா?"

"சொன்னேனே. லேப்ல மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். ஜன்னலைத் தொறன்னீங்க. எனக்கப்புறம் வந்தவ எல்லாம் மேல போயிட்டான்னு சொன்னேன். மாடியில வெயில் ஜாஸ்தின்னீங்க. பாண்டியில ஆள் எடுக்குறாங்கன்னு சொன்னேன்..."

"அதுக்கு என்ன சொன்னேன்?"

"பாண்டியிலேருந்து வரும்போது எல்லாரும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வருவாங்க, நீ வேலை வாங்கிட்டு வரப்போறியான்னீங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு ஜோக்கு. இளவேனில்கூடச் சிரிச்சுது."

எனக்கு ஒரு ஜோக் வந்தது. நாக்கின் நுனி வரை வந்து நின்றது. சட்டையின் இன்னொரு பட்டனும் விட்டது. அதைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் விழுங்கினேன்.

கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் பஸ், லாரி, மீன் கூடை கட்டிய மொபெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. நான் சாவியைத் திருப்பவில்லை. வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். இறங்கி அவளுக்கு எதிரே நின்றேன்.

"பிரதீபா, ஒண்ணு கேக்குறேன். சுத்தி வளைக்காம சொல்லு. நானும் சிரிக்கமாட்டேன்."

"கேளுங்க."

"என்னை விட்டுட்டுப் போறியா?"

அவள் என் சட்டையைப் பார்த்தாள். விட்டுப்போன பட்டன்களின் இடத்தில் பிளந்து நின்ற துணியைக் கையால் சேர்த்துப் பிடித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"வேலைய விட்டுட்டுப் போறேன். ஒண்ணாந்தேதி பாண்டியில சேரணும், இன்னிக்குக் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். உங்கள விட்டுட்டுப் போகல. நீங்களும் வந்தா எனக்குச் சந்தோஷம். வரலன்னாலும் நான் போவேங்க."